காய்ந்த துணியில் காட்டிய விடுதலை

ஐயா, அம்மையீர்,

வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பேசும் படம் காட்டும் இயந்திரம் ஒன்று வந்திருப்பதாகவும், அதைக் கொண்டு பிள்ளைகளுக்குச் சரித்திரப் பாடம் நடத்தப்போவதாகவும் தங்கள் பள்ளியின் இளம் ஆசிரியை ஒருவர் என் வீட்டுக்கு வந்து தெரிவித்தார். அடிமை முறையையும் அதன் ஒழிப்பையும் படத்தின் வாயிலாக இந்நகரத்துப் பிள்ளைகளுக்கு முதன்முதலில் கற்பித்தவன் நான் என்றும், எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் ஒரே பந்தலின்கீழ் அமர்த்திக் காட்டினோம் என்றும் அவர் கேள்விப்பட்டிருக்கிறார். இயந்திரத்தின் தொடக்க விழாவில் வாசிப்பதற்காக அதை எழுதித் தரும்படி கேட்டார். ஒரே பந்தல் என்பது உண்மை. அந்த உண்மைக்காகப் பிறர் என்னைப் புகழ்ந்தபோதெல்லாம் நானும் தலையாட்டி ஏற்றுக்கொண்டிருக்கிறேன். விழாவுக்கு உகந்ததாக இது அமையாவிடினும், நடந்ததை நடந்தபடி எழுத முயல்கிறேன்.

நான் நாஞ்சில் நாட்டில் பிறந்தவன். நான்காம் வகுப்போடு படிப்பு நின்றுபோக, திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக் கடையில் துணி மடிக்கும் வேலைக்கு வந்தேன். சரக்கைச் சுற்றி வந்த பழைய பத்திரிகைத் தாள்களே எனக்கு வாத்தியார்கள். கடைக்கு வந்த ஓர் அதிகாரி என் பேச்சைக் கேட்டுவிட்டு, பள்ளிகளில் மாஜிக் லாந்தர் விளக்கில் கண்ணாடிச் சில்லைச் செருகிப் படம் காட்டும் தம்முடைய சிறு குழுவில் என்னைச் சேர்த்துக்கொண்டார். சில ஆண்டுகளில் லாந்தர் போய், கையால் சுழற்றும் சினிமா இயந்திரம் வந்தது. அக்காலத்துப் படம் ஊமை. திரையின் ஓரத்தில் ஒருவர் நின்று, இவர் இன்னார், இப்போது நடப்பது இன்னது என்று சொல்லிக்கொண்டே இருந்தால்தான் கூட்டத்துக்கு விளங்கும். இறுதிவரை அதுவே என் உத்தியோகம்.

என்னைச் சேர்த்துக்கொண்ட அந்த அதிகாரி, வலியசாலைச் சேஷய்யர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நாற்காலியில் அமரும்போது அங்கவஸ்திரத்தை நான்காக மடித்து மடியில் வைத்துக்கொள்வார். அது கலையாமல் இருக்கும்வரை பயமில்லை என்பது எங்கள் கணக்கு. எந்தச் சச்சரவு வந்தாலும் இரு கட்சியையும் கேட்பார், இருவருக்கும் வெற்றிலை கொடுப்பார், பிறகு ஓர் ஏற்பாடு சொல்வார். "யாருக்கும் மனஸ்தாபம் வரப்படாது, பிள்ளைவாள். காரியமும் நிக்கப்படாது" என்பது அவர் அடிக்கடி சொல்லும் சொல்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பசு மாட்டின் படத்தைத் தலைகீழாகச் செருகிவிட்டேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். திட்டு விழும் என்று காத்து நின்றேன். சேஷய்யர் அருகில் வந்து, "மாடு தலைகீழா நின்னா குழந்தைகூட கண்டுபிடிச்சுடும், ஓய். நீர் சொல்ற வார்த்தை தலைகீழா நின்னா ஒருத்தரும் கண்டுபிடிக்க மாட்டா. அதுலே ஜாக்கிரதையா இரும்" என்றார். அவர் என்னிடம் சொன்னவற்றுள் மிகவும் உண்மையானது அதுதான். அதை அவரும் நானும் எங்களுக்கே பொருத்திப் பார்க்கவில்லை.

பள்ளிகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் சேர்க்க வேண்டுமென்று சர்க்கார் உத்தரவு வந்து சில ஆண்டுகள் கழிந்திருந்த காலத்தில், அமெரிக்க நாட்டில் ஆப்பிரிக்க மக்கள் அடிமைகளாக விற்கப்பட்டதையும், பின்னர் விடுவிக்கப்பட்டதையும் காட்டும் படமொன்று எங்களுக்கு வாடகைக்குக் கிடைத்தது. நான்கு சுருள். மூன்றாவது சுருள் அடிமைச் சந்தை, நான்காவது விடுதலை.

எந்தப் படத்தையும் சேஷய்யர் ஒத்திகை இல்லாமல் காட்ட விடமாட்டார். விளக்கில்லாமல், படமில்லாமல், வெறும் சுவரின் முன் என்னை நிறுத்தி முழுவதையும் சொல்லச் சொல்வார். தாம் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். படம் அவர் கண்ணுக்குள் ஓடினால் தேறினேன். ஓடவில்லையென்றால் விரலை உயர்த்துவார். அடிமைச் சந்தையை நான் சொன்னபோது இரண்டு முறை விரல் உயர்ந்தது. "செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கு. ஒரு மனுஷனை எப்படிப் பார்த்து வாங்குவா? அது வரணும்" என்றார்.

அன்றிரவு யோசித்தேன். எங்கள் பாட்டனார் காலத்தில் நிலத்தோடு சேர்த்துப் புலையர்களும் கைமாறுவார்கள் என்றும், வாங்குபவர் அவர்கள் வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்ப்பார், முதுகைத் தட்டிப் பார்ப்பார் என்றும் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சாப்பிட உட்காரும்போது சாதாரணமாகச் சொல்லிக்கொண்டிருப்பது நினைவுக்கு வந்தது. மறுநாள் அதை அப்படியே எடுத்து அமெரிக்கச் சந்தையில் வைத்தேன். சேஷய்யரின் மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்தது. "எங்கேய்யா பிடிச்சீர் இதை?" என்று கேட்டார். "தானா வந்தது, சுவாமி" என்றேன். என் வீட்டிலிருந்து வந்தது என்பது அப்போது எனக்கே தோன்றவில்லை என்று எழுதினால் தாங்கள் நம்புவது அரிது. ஆயினும் அதுதான் நிலை.

கடைசியில் சேர்ப்பதற்கு அவரே ஒரு வாசகம் கொடுத்தார். நம்முடைய திருவிதாங்கூரில், அமெரிக்கா விழிப்பதற்குச் சில ஆண்டுகள் முன்னரே மகாராஜா அடிமை முறையை ஒழித்துவிட்டார். ஆகையால் பிள்ளைகளே, நாம் பெருமைப்படக் கடவோம் என்பது அதன் கருத்து. சரித்திரத்தில் அது பிழையன்று.

நகரத்தில் காட்டுவதற்கு முன் பொன்முடித் தேயிலைத் தோட்டத்தில் காட்டலாமென்று படத்தை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். தோட்டத்துக் கணக்கப்பிள்ளை சுருள்களின் பெயரைக் கேட்டுவிட்டுத் துரையிடம் போய்த் திரும்பி வந்தார். "லயத்துக் கூலி ஆளுகளுக்கு இது வேண்டாமாம். காய்ச்சல் பரப்புற கொசுப் படம் இருந்தாப் போடச் சொல்றார்" என்றார். கொசுப் படம் போட்டோம். இறங்கி வரும் வழியெல்லாம் துரைக்கு உள்ள பயத்தைச் சொல்லிச் சிரித்தோம். நமக்கு அப்படியொரு பயமில்லை என்று எண்ணினோம்.

இனி, எங்கள் தொழிலின் முறை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். திரைக்கு நாங்கள் இரண்டு துணிகள் வைத்திருந்தோம். ஒன்று மெல்லிய மல் துணி. அதை நனைத்துக் கட்டினால் வெளிச்சம் ஊடுருவி, படம் முன்பக்கமும் தெரியும், பின்பக்கமும் தெரியும். பின்னால் இருப்பவர்களுக்கு வலம் இடமாக மாறித் தெரியுமே தவிரப் பிரகாசத்தில் குறைவில்லை. ஆனால் விளக்கின் சூட்டில் துணி காய்ந்துவிடும். ஆகவே ஒவ்வொரு சுருள் மாற்றும்போதும் ஓர் ஆள் திரைக்குப் பின்னால் போய்ப் பீச்சாங்குழலால் நீர் தெளிக்க வேண்டும். மற்றொன்று கஞ்சியும் சுண்ணாம்பும் ஏற்றிய காடாத் துணி. அது காய்ந்தே இருக்கும். முன்பக்கம் நன்றாகத் தெரியும். பின்பக்கம் ஒன்றும் தெரியாது. கூட்டம் அதிகமானால் மல், குறைவானால் காடா. துணிக் கடையில் வளர்ந்தவன் ஆகையால் இரண்டையும் சுருக்கமின்றி இழுத்துக் கட்டுவது என் பொறுப்பாயிருந்தது.

நகரத்து மைதானத்தில் ஓலைப் பந்தல் போட்டு, நாற்புறமும் பாய் கட்டி இருட்டாக்கி, பகல் காட்சிக்கு ஏற்பாடாயிற்று. நகரத்துப் பள்ளிகள் வரவிருந்தன. கழக்கூட்டம் பக்கத்தில் வயல் நடுவே புலையர் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி நடத்திவந்த யோவான் என்பவரும் தம் பிள்ளைகளை அழைத்து வரலாமா என்று கேட்டிருந்தார். உத்தரவுப்படி மறுக்க இயலாது. மற்றப் பிள்ளைகளின் வீட்டார் இதைக் கேள்விப்பட்டதும் தங்கள் பிள்ளைகளை அனுப்பமாட்டோம் என்றார்கள். சேஷய்யர் வெற்றிலை கொடுத்தார். பின்னர் ஏற்பாட்டைச் சொன்னார்: மல் துணி கட்டுவது, யோவானின் பிள்ளைகளுக்குத் திரைக்குப் பின்னால் தனியே ஓர் ஓலைச் சாய்ப்பு, தனி வாசல். "படம் ரெண்டு பக்கமும் ஒண்ணுதானே, பிள்ளைவாள். பந்தலும் ஒண்ணுதான். யாருக்கு என்ன குறை?" என்றார். எனக்கும் அது மிகச் சாமர்த்தியமான ஏற்பாடாகவே பட்டது.

அன்று காலையில் யோவான் வந்தார். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, பின்னால் வரிசையாகப் பிள்ளைகள். நான் அவரை வாத்தியார் என்று அழைக்கவில்லை, நாக்கு எழவில்லை. "யோவானே, பின்பக்கமா கூட்டிட்டுப் போ" என்றேன். அவர் பேச்சு தமிழும் மலையாளமும் கலந்தது.

"போகலாம், சாரே. பின்னால இருந்நால் சாரின்ட ஒச்சை கேக்குமோ?"

"கேட்கும். ஏன்?"

"படத்தில் வருந்ந எழுத்து இடம்வலம் மறிஞ்சிருக்கும். நான் வாசிச்சுக் கொடுக்க முடியாது. சாரின்ட ஒச்சையேதான் பிள்ளைகளுக்கு." பிறகு, "இது வெறும் களி, வேடிக்கை அல்ல சாரே. இன்னைக்குக் கண்டத்தில் நடவு. தாய்தகப்பன்மார் பிள்ளைகளின்ட கூலியை விட்டு இங்கே அனுப்பிச்சிருக்கு. விடுதலை வருந்நதை உங்கள் பிள்ளைகள் காணட்டும் எந்நு நான் வாக்குக் கொடுத்துக் கூட்டி வந்நது. கண்டால் நாளையும் பள்ளிக்கு அனுப்பும். இல்லெங்கில் எல்லாரும் கண்டத்தில்தான்" என்றார்.

படத்தை அவர் வேடிக்கையாகக் கொண்டு வரவில்லை என்பதும், அவருடைய பள்ளியே அந்த நான்காவது சுருளை நம்பி வந்திருக்கிறது என்பதும் எனக்கு அக்கணமே விளங்கிற்று. விளங்கவில்லை என்று நான் பிற்பாடு சொல்லிக்கொள்ள வழியில்லை.

முதல் சுருள் முடிந்தது. நீர் தெளிக்க வேண்டிய எங்கள் பந்தல் ஆள் மாதவன் பீச்சாங்குழலும் கையுமாகத் திரையருகே நின்றுகொண்டிருந்தான், நகரவில்லை.

"என்னடா, போய்த் தெளி."

"என்னைக் கொல்லாதீங்க பிள்ளேச்சா. அங்கோட்டு போனா வீட்டுக்குள்ள ஏத்துவாங்களா? தீட்டு, குளிச்சே தீரணும். காலையிலே குளிச்சு ஜலதோஷம் பிடிச்சிருக்கு. இனியும் குளிச்சா நான் தீர்ந்நு போகும்."

துணி ஓரத்தில் காயத் தொடங்கியிருந்தது. திரைக்கு அப்பாலிருந்து யோவானின் குரல் வந்தது: "இங்ஙோட்டு தரூ, சாரே. வெள்ளம் தெளிக்க எங்களுக்குத் தெரியும்."

துணியின் ஓரத்தை விலக்கி வாளியையும் குழலையும் தரையில் வைத்துத் தள்ளினேன். கைக்குக் கொடுக்கவில்லை. அவர் அதை எடுத்துப் பிள்ளைகளிடம் கொடுத்தார். ஆளுக்கொரு முறை என்று அவர்களுக்குள் போட்டி. படத்தில் தங்களுக்கும் ஒரு வேலை கிடைத்ததென்ற மகிழ்ச்சி அவர்களுக்கு. இரண்டாம் சுருளுக்குப் பின்னும் அவர்களே தெளித்தார்கள். மூன்றாவது சுருளில் நான் அடிமைச் சந்தையைச் சொன்னேன். வாயைத் திறந்து பல் பார்ப்பதைச் சொன்னபோது முன்னால் பாயில் இருந்த நகரத்துப் பிள்ளைகள் விசும்பினார்கள். ஓர் உயர்ந்த உத்தியோகஸ்தர் வீட்டுப் பெண் குழந்தை தன் மாலையைக் கழற்றி, அதைக் கொடுத்தால் விட்டுவிடுவார்களா என்று கேட்டாள். பின்பக்கம் ஒரு சத்தமும் இல்லை.

மூன்றாம் சுருள் முடிந்து மீண்டும் தெளிக்கும் நேரம். "சிருதே, பதுக்க, மெல்லப் பதுக்க" என்று யோவான் சொல்வது கேட்டது. அந்தச் சிருதை என்ற பெண் குழந்தைக்கு அதுதான் முதல் முறை போலும். பலம்கொண்டமட்டும் அமுக்கிவிட்டாள். நீர் துணியைத் துளைத்துக்கொண்டு முன்வரிசைப் பிள்ளைகளின்மேல் சாரலாக விழுந்தது. அவர்கள் சிரித்தார்கள். "மழை, மழை" என்று முகத்தை நீட்டினார்கள். சிரிப்பைக் கேட்டுப் பின்னால் இருந்தவர்கள் மறுபடியும் அடித்தார்கள். இவர்கள் இன்னும் உரக்கச் சிரித்தார்கள். சில கணம் அந்தத் துணியின் இரு புறமும் பிள்ளைகள் மட்டுமே இருந்தார்கள்.

பிள்ளைகளை அழைத்து வந்திருந்த காரியஸ்தர் ஒருவர் எழுந்து, "ஆரு தெளிச்சது?" என்று கேட்டார்.

மாதவன் குழலில்லாத கையோடு அவர் எதிரிலேயே நின்றான். அதற்குமேல் யாரும் விடை சொல்ல வேண்டியிருக்கவில்லை. பெரியவர்கள் எழுந்தார்கள். பிள்ளைகளின் முகத்தைத் துண்டால் துடைத்தார்கள்; பிறகு அந்தத் துண்டையும் கீழே போட்டார்கள். இப்போதே குளத்துக்கு, பிறகு வீட்டுக்கு என்றார்கள். படம் போய்விடுமே என்று பிள்ளைகள் அழுதார்கள்.

சேஷய்யர் எழுந்தபோது அங்கவஸ்திரத்தின் மடிப்புக் கலையவில்லை. "குழந்தைகளைக் குளிப்பாட்டி அழைச்சுண்டு வாங்கோ. விடுதலையைக் காட்டாமே அனுப்பப்படாது. அதுதானே பாடம்" என்று சமாதானம் சொல்லி அனுப்பிவிட்டு என்னிடம் வந்தார்.

"மல் துணியை அவிழ்த்துடும், பிள்ளைவாள். காடாவைக் கட்டும்."

"சுவாமி, அப்படின்னா பின்னாலே தெரியாதே."

"அவாளைப் போகச் சொல்ல முடியாது. உத்தரவு இருக்கு. இருக்கட்டும். உம்ம குரல் கேக்குமோல்லியோ?"

"கேட்கும்."

"அது போரும். யாருக்கும் மனஸ்தாபம் வரப்படாது."

இது நேர்ந்த முறையை விளங்கச் சொல்கிறேன். அவர் அதட்டவில்லை. நான் முடியாது என்றிருந்தால் வேலை போயிருக்கும் என்றுகூடச் சொல்ல இயலாது. ஒருவேளை வேறோர் ஏற்பாடு யோசித்திருப்பார். நான் ஏணியில் ஏறினேன். மல் துணியை அவிழ்த்தபோது அப்பால் பிள்ளைகள் அண்ணாந்து என்னைப் பார்ப்பது தெரிந்தது. அடுத்த படம் இன்னும் பெரிதாக இருக்கப்போகிறது என்று எண்ணினார்களோ என்னவோ, ஒருவன் கை தட்டினான். காடாவை விரித்து, மூலைகளை இழுத்து, சுருக்கமின்றிக் கட்டினேன். என் வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

முன்வரிசைப் பிள்ளைகள் ஈரத் தலையோடு திரும்பி வந்தார்கள். நான்காவது சுருள் ஓடிற்று. விலங்கு கழன்று விழுவதைச் சொல்லத் தொடங்கியபோது, துணியின் ஓரமாக யோவானின் குரல் தாழ்ந்து வந்தது.

"பிள்ளே சாரே, இங்ஙோட்டு ஒந்நும் காணுந்நில்ல. இருட்டா."

நான் நின்ற இடத்துக்கும் அவர் நின்ற இடத்துக்கும் நடுவே ஒரு கை அகலம்கூட இல்லை. முகத்தை முன்பக்கம் திருப்பிக்கொண்டு குரலை உயர்த்தினேன்.

"சாரே" என்று இன்னொரு முறை கேட்டது. பிறகு கேட்கவில்லை. சிறிது நேரத்தில் அவர் நான் சொல்வதை அந்த இருட்டில் தம் பிள்ளைகளுக்கு மெல்லத் திருப்பிச் சொல்லத் தொடங்கினார். இனி அவர்களை யாரும் விற்க முடியாது என்று நான் சொன்னேன், அவரும் சொன்னார். நம் நாட்டில் இது முன்னரே ஒழிந்துவிட்டது, நாம் பெருமைப்படக் கடவோம் என்று நான் சொன்னேன். அதை அவர் திருப்பிச் சொல்லவில்லை. பாய் விலகும் ஓசையும், பல சிறு கால்கள் வெளியேறும் ஓசையும் கேட்டன. முன்னால் கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று. சேஷய்யர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்படியொரு நாள் நம்ம ஊர்லே நடந்ததில்லே" என்றார். நான் சாய்ப்புக்குள் போய்ப் பார்த்தபோது வாளி ஓரமாக ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. குழலைத் துடைத்து அதன்மேல் வைத்திருந்தார்கள்.

எல்லாச் சாதியும் ஒரே பந்தலில் என்று எங்களுக்குப் பெயர் பரவிற்று. சில வாரம் கழித்து, மனம் கேளாமல், ஒருவரிடமும் சொல்லாமல் கழக்கூட்டத்துக்குப் போனேன். வயல் வரப்பின் கோடியில் ஓலைக் கூரை. முற்றத்தில் மிகச் சிலரே விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் கல்லின்மேல் வாயைத் திறந்தபடி நின்றான். மற்றொருவன் அவன் பல்லைப் பார்த்து, முதுகைத் தட்டி, விலை கேட்டான். சொற்கள் என்னுடையவை. ஒன்றும் தவறவில்லை.

யோவான் வாத்தியார் வெளியே வந்தார். "சந்தைக் களி, சாரே" என்றார். "அதுவரேயல்லோ பிள்ளைகள் கண்டது."

"மற்றப் பிள்ளைகள் எங்கே, வாத்தியாரே?" என்றேன். அன்றுதான் அவரை முதன்முறையாக அப்படி அழைத்தேன்.

வயலைக் கையால் காட்டினார். "இருட்டத்து இருத்தவோ இத்தனை தூரம் கொண்டு போனது எந்நு தாய்தகப்பன்மார் கேட்டார்கள். நான் என்ன பறய?"

கடைசிச் சுருளை இங்கே கொண்டுவந்து சுவரில் காட்டுகிறேன் என்று சொல்லவே நான் போயிருந்தேன். ஆனால் வாடகைக் காலம் முடிந்து படம் திரும்பிப் போயிருந்தது. அதையும் சொன்னேன். அவர் தலையை அசைத்தார். அதற்குள் ஒரு சிறுமி விளையாட்டை விட்டு வந்து அவர் அருகில் நின்று என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

"இதுதான் சிருதை" என்றார்.

அவள் கேட்டாள்: "நிங்ஙள் எதுக்கு சாரே துணி மாற்றினது? ஞங்ஙள் வெள்ளம் தெளிச்சது சரியாயில்லியோ?"

யோவான் வாத்தியார் என்னையே பார்த்தார். ஆண்டுக்கணக்காக ஆயிரம் பேர் முன்னால் தடையின்றிப் பேசிய நான், "கொஞ்சம் கூடிப்போச்சு, மக்களே" என்றேன்.

அவள் அதை ஒப்புக்கொண்டாள். "அடுத்த தவணை பதுக்கத் தெளிக்கிறோம்" என்றாள்.

அப்படியொரு தவணையை நாங்கள் அவர்களுக்கு ஏற்பாடு செய்யவில்லை. அந்த அறுவடைக்குப் பின் அப்பள்ளி நடக்கவில்லை என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். யோவான் வாத்தியார் எங்கே போனார் என்று தெரிந்துகொள்ள நான் முயலவில்லை.

ஐயா, அம்மையீர், இதை விழாவில் வாசிப்பதும் வாசியாததும் தங்கள் விருப்பம். அந்தப் பிள்ளைகள் நீரைச் சரியாகத்தான் தெளித்தார்கள். துணியை மாற்றிக் கட்டியவன் நான். இதை அழியாமல் வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.